அப்பா எடுத்த ஒன்பது நாள் லீவு

நவம்பர் 22, சனிக்கிழமை

அன்பு மகள் கோரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைச் சேர்க்காமல் சொன்னால். நீயும் நெல்ஸும் என் பட்டுக்குட்டி வில்லாவும் அந்தத் தீவுக் குளிரில் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன். நெல்ஸின் கப்பல் எப்போது கரைக்கு வருகிறது என்று எழுது, கடலோரக் காவல் வேலை என்றாலே எனக்குப் பயம், மாப்பிள்ளையே அதில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதல் பயம். இங்கே செவ்வாய்க்கிழமையே முதல் பனி விழுந்துவிட்டது, ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று காதை அறுக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய ஓவன் பழுதாகிப் பத்து நாளாகிறது, முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் சின்ன ஓவனை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன், கேட்டால் ஆள் வருகிறார் வருகிறார் என்கிறார்கள். இந்த ஊரில் எதைக் கேட்டாலும் ஆள் வருகிறார் என்பதுதான் பதிலாகிவிட்டது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். "அம்மா, அப்பாவுக்கு என் குழந்தையப் பிடிக்கலையா, வீடியோல அவ முகம் வந்ததுமே எழுந்து போயிடறாரே" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தானே மார்ச்சுல வாங்க வாங்கன்னு அடம் பிடிச்சேன், ஏப்ரல்ல வரச் சொல்லியிருந்தா அந்த நாலு பேரும் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாங்க" என்றாய். அடுப்பில் சூப் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்தேன் இல்லையா, அடுப்பில் ஒன்றுமே இல்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பா அடுத்த அறையில் இருந்தார். எட்டு மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு அங்கே தனியாகப் பிள்ளை வளர்த்திருக்கிறாயே, பெற்றவள் ஒருத்தி இருக்கிறேன், முதல் நாளே கொட்டித் தீர்த்திருக்கக் கூடாதா. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், மீதியில் நான் அழுவேன், உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது. நல்லவேளை, இந்த வாரம் சொல்வதற்கு நிறையவே இருக்கிறது.

மார்ச் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் உன் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் நீ அப்போது மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாய், நான் பக்கத்தில் இருந்தேன். சாப்பாடு முடிந்து அப்பா வில்லாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார், ஆறு வாரக் குழந்தை, ஏப்பம் விட்டதற்கு ஏதோ பரிசு வாங்கியதைப் போல என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்போதுதான் அப்பா வேலை பார்க்கும் விமான நிலைய டவரிலிருந்து போன் வந்தது. இறங்கிக்கொண்டிருந்த பத்தொன்பது இருக்கை விமானம், ஓடுபாதையைக் குறுக்கே கடந்த பயிற்சி விமானத்தின் மேல் மோதிவிட்டது, நாலு பேர் இறந்துவிட்டார்கள் என்றார்கள். அப்பா கேட்ட முதல் கேள்வி, "தரையப் பாக்குற நாற்காலில யாரு இருந்தா" என்பது. யாரும் இல்லை, மார்லிஸ் ஒருத்தியேதான் தரையில் ஓடுவதையும் ஏறி இறங்குவதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பதில் வந்தது. அந்த நேரத்துக்கு அந்த இன்னொரு நாற்காலி அப்பாவுடையது. அப்பா குழந்தையை என் கையில் கொடுத்தார், கொடுத்த விதம் இருக்கிறதே, திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதைப் போலக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார். அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாட்களில் அவர் அவளைத் தூக்கவே இல்லை என்பதை நீயும் கவனித்திருப்பாய். பிடிக்காமல் இல்லை கண்ணே. அவளைப் பார்த்தாலே அந்த நாற்காலி காலியாக இருந்தது அவர் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இதை எட்டு மாதமாக உன்னிடம் சொல்லாமல் இருந்தது என் தப்பு.

ஊரில் பேச்சு அடங்கவே இல்லை. முடிவெட்டும் கடை, மளிகைக் கடை, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து, எங்கே போனாலும் ஆளுக்கொரு தீர்ப்பு. நம் ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் டி.வி.யில் உட்கார்ந்துகொண்டு டவர் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம் என்கிறார்கள். ஒருவர் சம்பளத்தை ஏற்று என்கிறார், இன்னொருவர் ஓய்வு வயதை ஐம்பத்தாறிலிருந்து அறுபதாக்கு என்கிறார். அதைக் கேட்ட அன்று அப்பா, "அறுபது வயசுல என் கண்ணு மெனு கார்டையே படிக்காது, அந்த ஆளு பறக்குற விமானத்துக்கு என்னைக் காவல் வைக்கணுமாம்" என்றார், அந்த மாதத்தில் அவர் பேசிய ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். பதினாலு பேர் இருக்க வேண்டிய டவரில் ஒன்பது பேர், அதுவும் பல வருடமாக, வாரத்துக்கு ஆறு நாள் வேலை. இது ஊருக்கே தெரியும். ஆனால் விசாரணை அறிக்கை வந்த மறுநாள் பத்திரிகைக்காரன் கொட்டை எழுத்தில் போட்ட தலைப்பு, "அன்று ஒருவர் விடுப்பில்" என்பது. மூன்றே வார்த்தை. அந்த ஒருவர் யார் என்று பெயர் போடவில்லை, ஆனால் அந்தப் பத்திரிகையை அப்பா மடித்துத் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்ததைப் பெட்டி கழுவும்போது நான் பார்த்தேன். எடுத்து அடுப்பில் போட்டேன். மறுநாள் இன்னொரு பிரதி வாங்கி வைத்திருந்தார்.

அந்த லீவுக் காலண்டரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் எந்தத் தேதியில் வரும் என்பதையே அதுதானே முடிவு செய்தது, ஒன்பது வயதில் உன் பிறந்தநாள் கேக்கைப் பன்னிரண்டு நாள் தள்ளி வெட்டினோம். நவம்பர் வந்தால் ஓய்வறையில் அடுத்த வருடத்துக் காலண்டர் அட்டையைத் தொங்கவிடுவார்கள், மூத்தவர் முதலில் தன் லீவு நாட்களை எழுத வேண்டும், பிறகு அடுத்தவர், இப்படியே கடைசி ஆள் வரைக்கும். பன்னிரண்டு வருடமாக அப்பாதான் முதல் ஆள். போன வருடம் இதே நவம்பரில்தான், வில்லா இன்னும் பிறக்காதபோதே, கணக்குப் போட்டு மார்ச்சில் ஒன்பது நாள் எழுதினார். இந்த வருடம் அட்டையை எடுத்தார், தன் வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கோடு இழுத்துவிட்டு வந்துவிட்டார். லீவே வேண்டாம் என்று அர்த்தம். வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனுஷனுக்கு அழுத்தம் ஜாஸ்தி.

எனக்குச் சொன்னது மார்லிஸ். அந்தப் பெண் விபத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை, இன்னும் தூக்கம் சரியாக வருவதில்லை. பத்து நாள் முன்பு, பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றாள், எலும்பும் தோலுமாக, உள்ளே இழுத்து உட்கார வைத்து ஒரு கிண்ணம் சூப் கொடுத்தேன். குடிக்காமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "பெர்னி, உன் புருஷன் காஸ் கோடு போட்டதப் பாத்துட்டு டுவேனும் கோடு போட்டான், அவனப் பாத்து அடுத்த ஆளு. எட்டு வரிசையிலயும் கோடுதான். டுவேனோட அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அவன் கூட இருக்கணும், போகலைங்கறான். மூத்தவரே எடுக்காதப்ப நாம எப்படி எடுக்கறதுன்னு கேக்கறான்" என்றாள். நான் அதனால் என்ன, நல்லதுதானே, ஆள் குறையாதே என்று அசடாகக் கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு எனக்கு ஆறாவது நாள் வேலை, பெர்னி. அந்தச் சின்ன விமானத்த நான் நிறுத்தி வச்சிருக்கேன்னு நினைச்சேன். நான் நிறுத்தினது அதுக்கு முந்தின விமானத்த. ஒரு வருஷம் முழுக்க லீவே இல்லாத எட்டு பேரு அங்க உக்காந்தா அடுத்தது என்ன ஆகும்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். காஸ்கிட்ட நீதான் சொல்லணும்" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் இதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். "தெரியும்" என்றார். தட்டைக் கழுவி வைத்தார். தெரிந்துமா என்று கேட்டேன், எழுந்துபோய் வண்டி டயரில் காற்று பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, அந்த ஆளைக் கட்டிக்கொண்ட முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் போர்வை எடுத்து வைக்காமல் படுத்துக்கொண்டேன்.

முந்தாநாள் வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட உள்விளையாட்டு அரங்கில் பொதுக்கூட்டம் வைத்தார்கள், தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி வந்து மக்களின் கேள்விக்குப் பதில் சொல்வதாக ஏற்பாடு. காப்பி என் பொறுப்பு, அதனால் நான் பின்னால் பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். டவர் ஆட்கள் யாரும் வெளியில் பேசக் கூடாது என்று ஏற்கனவே சுற்றறிக்கை வந்திருந்தது, அப்பாவுக்கு ஓய்வுக்குப் பதினாலு மாதம்தான் பாக்கி, வண்டியிலிருந்து இறங்கும்போதே "கேளுங்க, வாயத் திறக்காதீங்க" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அதிகாரி நல்ல கோட்டுப் போட்ட மனிதர், படம் எல்லாம் காட்டினார், ஆள் குறைவு நாடு முழுக்க இருக்கிறது, தேர்வு செய்கிறோம், பயிற்சிக்கு வருடக்கணக்காகும், அடுத்த ஆண்டு இரண்டு பேர் வரலாம் என்றார். பிறகு, அன்று ஒரு பணியாளர் விடுப்பில் இருந்த காரணத்தால் இரண்டு இருக்கைகளை ஒருவரே கவனிக்க நேர்ந்தது என்று படித்தார். லோர்னா எழுந்தாள். நூலகத்தில் நீ புத்தகத்தை லேட்டாகக் கொடுத்தால் கண்ணாடிக்கு மேலே முறைப்பாளே, அதே லோர்னாதான், அவளுடைய புருஷன் கோர்டன் தன் அக்காவைப் பார்த்துவிட்டு அந்தப் பெரிய விமானத்தில் வந்துகொண்டிருந்தவர். "லீவுல இருந்தாருன்னு சொல்றீங்களே, யாரு அது" என்று கேட்டாள். பெயர் சொல்வதற்கில்லை அம்மா என்றார் அதிகாரி. நான் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன், ஏனென்றால் மூன்றாவது வரிசையில் உன் அப்பா எழுந்துகொண்டிருந்தார்.

மைக்கைக் கொடுத்த பெண் பதிவுக்குப் பெயர் சொல்லுங்கள் என்றாள். அப்பா, "கே.டபிள்யூ." என்றார். காஸ் வோய்சிக் என்று முழுசாகச் சொல்ல வரவில்லை அந்த மனுஷனுக்கு. சிலர் சிரித்தார்கள், டவர் ஆட்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. டவர் போனில் பேசி முடிக்கும்போது ஒவ்வொருவரும் தன் இரண்டு எழுத்தைச் சொல்லியே வைக்க வேண்டும், இதைச் சொன்னது நான், ஏதாவது ஆனால் என்னைக் கேள் என்று அதற்கு அர்த்தம். உன் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையிடம் ஒருமுறை பேசி முடித்து "கே.டபிள்யூ." என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட, அது என்ன நோய் என்று அந்தம்மா என்னைக் கேட்டது உனக்குத் தெரியும்தானே. வியாழக்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா லோர்னாவைப் பார்த்து, "லீவுல இருந்தது நான்தான். நவம்பர்ல எழுதினேன், மார்ச்சுல போனேன். அந்த நாற்காலி என்னோடது. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க எட்டு மாசமா தைரியம் வரல" என்றார். லோர்னா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க போயிருந்தீங்க" என்றாள். "அலாஸ்காவுக்கு. என் பேத்தியப் பாக்க. அவளுக்கு அப்ப ஆறு வாரம்." "பாத்தீங்களா?" "பாத்தேன்." "கையில தூக்கினீங்களா?" அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். லோர்னா, "அப்ப சரி" என்றாள். "எங்களுக்குப் பேரன் பேத்தி இல்ல. இருந்திருந்தா கோர்டன் நடந்தே போயிருப்பாரு" என்றாள். பிறகு மேடைப் பக்கம் திரும்பி முறைத்தாள், அதற்கு முன்னால் நூலகத்தில் முறைப்பதெல்லாம் ஒன்றுமே இல்லை மகளே. "ஒரு தாத்தா பேத்தியப் பாக்கப் போறேன்னு நாலு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்திருக்காரு. நாலு மாசத்துல ஒரு நாற்காலிக்கு ஒரு ஆளு உங்களுக்குக் கிடைக்கல. இப்ப வந்து அவரு லீவுல இருந்தாருன்னு எங்கிட்ட சொல்றீங்க. என் புருஷன் லீவுனால சாகல. அந்த வரிய உங்க பேப்பர்லேருந்து எடுங்க, அதுக்கப்புறம் பேசலாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி பரிசீலிப்பதாகச் சொன்னார், பரிசீலிப்பாரோ என்னவோ.

நான் காப்பியை அப்படியே போட்டுவிட்டுப் போனபோது அப்பா வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பதில் மறுபக்கம் உட்கார்ந்திருந்தார். பனியில் என்னை ஒருநாளும் ஓட்டவிட்டதில்லை, அன்றைக்குச் சாவியை நீட்டினார். பாலம் தாண்டும் வரை அழுதார், நானும் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன், ஆறுதல் சொல்லவில்லை, அழட்டும் என்று விட்டேன். நம் தெருவுக்குத் திரும்பும்போது மூக்கைச் சிந்திவிட்டு, "பெர்னி, அந்தக் குழந்தைக்குப் பல்லு வந்துடுச்சா" என்று கேட்டார். நாலு பல் வந்தாகிவிட்டது, மேலே இரண்டு கீழே இரண்டு, போன வாரம் நெல்ஸின் மூக்கைக் கடித்துவிட்டாளாம் என்று சொன்னேன். "நாலா" என்றார். வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கழற்றும்போது மறுபடி ஒருமுறை "நாலா" என்றார். என் போனில் இருந்த படங்களை முதலிலிருந்து காட்டச் சொன்னார், மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஒவ்வொன்றாக, ஒரு படத்தைக்கூடத் தாண்டவிடவில்லை.

நேற்று வேலைக்குப் போனவர் அந்த அட்டையில் தன் வரிசைக் கோட்டை ரப்பரால் அழித்திருக்கிறார். அழித்துவிட்டு ஜனவரி இருபத்து நான்கிலிருந்து ஒன்பது நாள் என்று எழுதினாராம், வில்லாவின் முதல் பிறந்தநாள் இருபத்தேழாம் தேதி நடுவில் வருகிறது. டுவேன் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு ரப்பரை வாங்கிக்கொண்டானாம். மத்தியானத்துக்குள் எட்டு வரிசையிலும் தேதி ஏறிவிட்டது, மார்லிஸ்தான் கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்து சொன்னாள். அவள் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. தானும் வசந்தத்துக்குள் வேலைக்குத் திரும்பிப் பார்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள், அவசரமில்லை, முதலில் சாப்பிடு என்று சொன்னேன். கூட்டத்தில் பேசியதற்கு அப்பாவுக்கு ஓலை ஏதாவது வரும் என்கிறார்கள், வரட்டும், வாசித்துக்கொள்வோம்.

இப்போது உன் காரியம். எங்களை வரவேண்டாம் என்று சொல்லத்தான் உனக்கு முதலில் தோன்றும், எனக்குத் தெரியும், நீ என் வயிற்றில் பிறந்தவள். அந்த ஒன்பது நாளில் மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் என்று பயப்படுவாய். நானும் பயப்படுகிறேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பதினாலு நாற்காலிக்கு இன்னும் எட்டு பேர்தான், ஒன்றும் சரியாகிவிடவில்லை. ஆனால் அதைச் சரிசெய்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பெற்றவர்களைக் கூப்பிட்ட மகள் அதற்குப் பொறுப்பில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளே அந்தப் பழியை வேண்டாமென்று தள்ளிவிட்டாள், நீ எதற்கு எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாய். வாங்க என்று சொல், அவ்வளவுதான் நீ செய்ய வேண்டியது.

நெல்ஸ் ஊரில் இல்லாதபோது கூரைப் பனியைத் தள்ள நீ ஏணியில் ஏறாதே, பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடு. வில்லாவுக்குத் தேனை இப்போதே கொடுக்காதே, ஒரு வயது முடியட்டும். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று வான்கோழி பெரிதாக வாங்கிவிட்டு ஒரு வாரம் அதையே தின்னாதே. நாளை ஞாயிறு நாலு மணிக்கு நானே கூப்பிடுவேன், இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது, அதனால் வீடியோவில் அப்பா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எதுவும் கேட்டுவைக்காதே, குழந்தை முகத்தை மட்டும் போனுக்குக் கிட்டே கொண்டுவா. இதையும் கடிதத்தில் எழுதினால் நாளைக்குள் உனக்கு எப்படித் தெரியும் என்று அப்பா சிரிக்கிறார், சரி, அதைப் போனிலேயே சொல்லிக்கொள்கிறேன். கடவுள் உங்கள் மூவர் தலையிலும் கை வைத்துக் காக்கட்டும், வில்லாவின் அந்த நாலு பல்லுக்கும் தனித்தனியாக என் முத்தம்.

என்றும் உன்,
அம்மா பெர்னடீன்

கீழே ஒரு வரி அப்பா எழுத வேண்டுமாம், இடம் விட்டிருக்கிறேன்.

கோரி, நீ அன்று கூப்பிட்டதால்தான் அவளை ஆறு வாரக் குழந்தையாகத் தூக்கிப் பார்த்தேன். கூப்பிட்டதற்கு நன்றி. இதை நான் மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்பா.